4.40: இருமுறை பிறந்த எண்

இந்திய ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் இரண்டு முறை 4.40 சதவீதத்தில் நின்றிருக்கிறது. முதல் முறை 2020 மார்ச் 27 முதல் மே 22 வரை. அடுத்த முறை 2022 மே 4 முதல் ஜூன் 8 வரை. இரண்டையும் கூட்டினாலும் பதின்மூன்று வாரம்தான். முதல் முறை மேலிருந்து இறங்கி வந்தது, மறுமுறை கீழிருந்து ஏறி வந்தது. இரண்டு முறையும் காலண்டரில் குறித்து வைத்த நாளில் அது வரவில்லை.

வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. பெரும்பாலும் கால் சதவீதம், அரை சதவீதம் என்ற படிகளில் ஏறி இறங்கும். 4.40 அந்தப் படிக்கட்டில் இல்லாத எண். 2019 ஆகஸ்டில் வழக்கத்தை மீறி 0.35 சதவீதம் குறைத்தபோது விகிதம் 5.75லிருந்து 5.40க்கு வந்து படி தவறியது. 2022 டிசம்பரில் மறுபடி ஒரு 0.35, இந்த முறை ஏற்றமாக வந்து 6.25இல் நிறுத்தியபோதுதான் பழைய படிக்குத் திரும்பியது. நடுவே கொரோனா, ஊரடங்கு, உக்ரைன் போர் எல்லாம் வந்துபோயின. அந்த ஒழுங்கு குலைந்த காலத்தின் பிள்ளைதான் 4.40. நாட்டின் வட்டியை யார், எப்படி, யாருக்குப் பதில் சொல்லும் கடமையோடு முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதன் சரித்திரத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2020 மார்ச் 24, இரவு எட்டு மணி. பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். அதே நாளில்தான் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு தன் கூட்டத்தைத் தொடங்கியிருந்தது. நடக்க வேண்டியது மார்ச் 31இல். காத்திருக்க முடியாது என்று முன்னால் இழுத்து 24, 26, 27 தேதிகளில் வைத்தார்கள். 27ஆம் தேதி காலையில் ஆளுநர் சக்திகாந்த தாஸ் கேமரா முன்னால் வந்து ரெப்போ 5.15லிருந்து 4.40க்கு இறங்குகிறது என்றார். ஒரே அடியில் முக்கால் சதவீதம். கூடவே, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய ரொக்கக் கையிருப்பு விகிதமும் 4லிருந்து 3 சதவீதம் ஆனது. கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்றும் அறிவித்தார். வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்தவர்களில் பலர் அன்று கேட்டுக்கொண்டது அந்த மூன்றாவது செய்தியைத்தான்.

ஒரே உரையில் வந்தாலும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. ரொக்கக் கையிருப்பும் தவணைத் தள்ளிவைப்பும் ரிசர்வ் வங்கி தன் சொந்த அதிகாரத்தில் எடுத்த முடிவுகள். 4.40 மட்டும் ஆறு பேரின் வாக்கில் வந்தது. தாஸ், துணை ஆளுநர் மைக்கேல் தேபப்ரத பாத்ரா, செயல் இயக்குநர் ஜனக் ராஜ், வெளி உறுப்பினர் ரவீந்திர தோலக்கியா ஆகிய நால்வரும் முக்கால் சதவீதம் குறைக்க வாக்களித்தார்கள். மற்ற இரண்டு வெளி உறுப்பினர்களான சேத்தன் காட்டே, பமி துவா இருவரும் அரை சதவீதம் போதும் என்றார்கள். நாடே ஸ்தம்பித்து நின்ற வாரத்திலும் வாக்கு நான்குக்கு இரண்டு என்று பிரிந்தது. பிரிந்தது மட்டுமல்ல, யார் எந்தப் பக்கம் என்பது அன்றைய தீர்மானத்திலேயே பெயரோடு அச்சானது.

இப்படிப் பெயர் போட்டு எழுதுவது 2016க்குப் பிறகு வந்த வழக்கம். அதற்கு முன் வட்டியை முடிவு செய்தவர் ஒரே ஒருவர், ஆளுநர். 2005 ஜூலையில் நாணயக் கொள்கைக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைந்தது. வெளியாட்களும் அதில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்வதை ஆளுநர் கேட்டுக்கொள்வார், ஆனால் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவு தப்பினால் பழியும் பலித்தால் பேரும் ஆளுநர் ஒருவருக்கே. நிதி அமைச்சகத்திலிருந்து ஒரு அழுத்தம் வந்தால் அதைத் தாங்க வேண்டியதும் அவர் ஒரு தோள்தான்.

அதற்கும் முன்னால் நிலைமை இன்னும் மோசம். அரசுக்குப் பணம் தேவைப்பட்டால் தற்காலிகக் கருவூல உண்டியல் என்று ஒரு தாளை ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும், வங்கி பணத்தை உருவாக்கித் தரும். வட்டி விகிதம் என்ற கருவிக்கு அங்கே பெரிய மதிப்பு ஏது? சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது 1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் போட்டு, அந்த ஏற்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து 1997 ஏப்ரலில் நிறுத்தின. ரெப்போவின் பிறப்புச் சான்றிதழை யாராவது எழுதினால் பெற்றோர் பெயர் போடும் இடத்தில் அந்த ஒப்பந்தத்தையும் சேர்க்க வேண்டும்.

2013 வாக்கில் சில்லறைப் பணவீக்கம் இரட்டை இலக்கத்தில் இருந்தது. அப்போது துணை ஆளுநராக இருந்த உர்ஜித் படேல் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். 2014 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை இரண்டு விஷயங்களை நேராகச் சொன்னது. ஒன்று, மொத்த விலைக் குறியீட்டை விட்டுவிட்டு, மக்கள் கடையில் கொடுக்கும் விலையை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பிடிக்க வேண்டும். இலக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீதம் இடம் விடலாம். இரண்டு, முடிவை ஒரு குழு எடுக்க வேண்டும், வாக்களித்து எடுக்க வேண்டும். அந்த நிபுணர் குழுவில் காட்டேயும் இருந்தார். ஆறு ஆண்டு கழித்து, தான் கேட்ட குழுவிலேயே உட்கார்ந்து சிறுபான்மை வாக்கைப் போட்டவர்.

2015 பிப்ரவரியில் ஆளுநர் ரகுராம் ராஜன் காலத்தில் அரசும் ரிசர்வ் வங்கியும் இலக்கு குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. குழுவில் யார் உட்காருவது என்பதில்தான் சிக்கல். அதே ஆண்டு ஜூலையில் வெளியான இந்திய நிதிச் சட்டத் தொகுப்பின் வரைவு ஏழு பேர் கொண்ட குழுவைச் சொன்னது. அதில் நான்கு பேர் அரசு நியமிப்பவர்கள். பெரும்பான்மை டெல்லியின் கையில் இருக்கும், ஆளுநர் தலையாட்ட மட்டும் உட்காருவார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்பு. தேர்தல் நெருங்கும்போது எந்த அரசுக்கும் வட்டி குறைவாக இருப்பதுதான் பிடிக்கும். விலைவாசி ஏறினால் அதன் வலி அடுத்த ஆண்டுதான் தெரியும்.

கடைசியில் 2016 நிதிச் சட்டத்தின் வழியாக, 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்துக்குள் ஒரு புதிய அத்தியாயம் நுழைந்தது. 2016 ஜூன் 27 முதல் அமல். சட்டத்தின் முகவுரையே மாறியது: வளர்ச்சியையும் மனதில் கொண்டு விலை நிலைத்தன்மையைக் காப்பதே நாணயக் கொள்கையின் முதன்மை நோக்கம் என்று எழுதினார்கள். ஆறு நாற்காலிகள் போடப்பட்டன. ஆளுநர், நாணயக் கொள்கையைக் கவனிக்கும் துணை ஆளுநர், ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியம் நியமிக்கும் ஒரு அதிகாரி என்று உள்ளிருந்து மூவர். மத்திய அரசு நியமிக்கும் வெளி ஆட்கள் மூவர். ஆளுக்கு ஒரு வாக்கு. சமமாகப் பிரிந்தால் மட்டும் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. அமைச்சக அதிகாரி யாருக்கும் அறைக்குள் இடம் இல்லை. அரசு சொல்ல நினைப்பதை எழுத்தில் அனுப்பலாம், அவ்வளவே.

வெளி உறுப்பினர்களை அரசு தன் இஷ்டத்துக்குப் பொறுக்கிவிட முடியாது. அமைச்சரவைச் செயலர் தலைமையிலான தேர்வுக் குழு பரிந்துரைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி ஆளுநர் அல்லது துணை ஆளுநர், பொருளாதார விவகாரச் செயலர், மூன்று வல்லுநர்கள் அதில் இருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், மக்கள் பிரதிநிதிகள், அரசு ஊழியர்கள் தகுதி பெற மாட்டார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு, மறு நியமனம் கிடையாது. இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் எண்ணம். மறுபடி அதே நாற்காலி கிடைக்காது என்று தெரிந்தவர் யாரையும் திருப்திப்படுத்த வாக்களிக்க வேண்டிய தேவை இல்லை.

புதிய குழு முதன்முதலில் கூடியது 2016 அக்டோபர் 3, 4 தேதிகளில், உர்ஜித் படேல் ஆளுநரான பிறகு. ஆறு பேரும் ஒரே குரலில் ரெப்போவை 6.50லிருந்து 6.25 ஆக்கினார்கள். ஒரே குரல் அதிக நாள் நீடிக்கவில்லை, நீடிக்கவும் கூடாது. 2017 ஜூன் கூட்டத்துக்கு முன்னால் குழு உறுப்பினர்களைச் சந்திக்க நிதி அமைச்சகம் கேட்டது. உறுப்பினர்கள் அனைவரும் மறுத்துவிட்டார்கள் என்று படேலே செய்தியாளர்களிடம் சொன்னார். மறுத்தவர்களில் அரசு நியமித்த மூவரும் அடக்கம். 2019 பிப்ரவரியில், தாஸ் ஆளுநராக வந்த முதல் கூட்டத்தில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை ஆளுநர் விரல் ஆச்சார்யாவே வட்டிக் குறைப்புக்கு எதிராக வாக்களித்தார். காட்டேயும் அவரும் தோற்றார்கள், குறைப்பு நிறைவேறியது. மேலதிகாரி ஒரு பக்கம், கீழதிகாரி மறுபக்கம் என்று வாக்களித்து அதை ஊரறிய அச்சடிக்கும் அலுவலகங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கும்?

இங்கே எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே தீர்மானம் வெளியாகிறது. பதினான்காம் நாள் கூட்டக் குறிப்பு வெளியாக வேண்டும் என்பது சட்டம். அதைத் திறந்தால் முதலில் தீர்மானம், பிறகு ஒரு சின்ன அட்டவணை. இடப்பக்கம் ஆறு பெயர், வலப்பக்கம் ஒவ்வொருவரின் வாக்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு உறுப்பினரும் ஏன் அப்படி வாக்களித்தார் என்று தன் பெயரில் எழுதிய அறிக்கை. சிலர் ஒரு பக்கத்தில் முடிப்பார்கள், சிலர் வரைபடமும் கணக்குமாக நீட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இந்திய ஜனநாயகத்தில் ஒரு முடிவு எடுத்தவர்கள், எடுத்த இரண்டு வாரத்தில், தனித்தனியே காரணம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் இடம் அபூர்வம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்து எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. முடிவு நாளுக்கு முன்னும் பின்னும் ஏழு நாள் உறுப்பினர்கள் வெளியே வாய் திறப்பதில்லை. பேச வேண்டியதை அந்தக் குறிப்பில்தான் பேச வேண்டும்.

4.40இன் முதல் வாழ்க்கை எட்டே வாரம். 2020 மே 22 அன்று, மறுபடியும் கூட்டத்தை முன்னால் இழுத்து, 4.00 ஆக்கினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ரெப்போ நகரவே இல்லை. எண் நகரவில்லையே தவிர, குழு ஒரு முறை கூடவே முடியாமல் போனது.

முதல் தொகுதி வெளி உறுப்பினர்களின் நான்கு ஆண்டு 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த கூட்டம் செப்டம்பர் 29 தொடங்கி அக்டோபர் 1 வரை என்று எப்போதோ அறிவித்தாயிற்று. கோரம் நான்கு பேர். உள்ளே இருப்பவர்கள் மூன்றே பேர். அரசோ புதியவர்களை நியமிக்கவில்லை. தொடங்குவதற்கு முந்தின நாள், கூட்டம் தள்ளிவைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அஷிமா கோயல், ஜெயந்த் வர்மா, சஷாங்க பிடே ஆகியோரின் நியமனம் அக்டோபர் முதல் வாரத்தில் வந்தது, கூட்டம் 7 முதல் 9 வரை நடந்தது. பதவிக்காலம் எந்த மாதத்தில் முடியும் என்பது நான்கு ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். அரசு கொஞ்சம் தாமதித்தால் போதும், குழு தானாக முடங்கிவிடும் என்ற ஓட்டை அன்று கண்ணுக்குத் தெரிந்தது. 2024இல் அடுத்த தொகுதியின் நியமனமும் அக்டோபர் 1 அன்றுதான் வந்தது, கூட்டம் தொடங்க ஆறு நாள் இருக்கும்போது. புதியவர் வரும்வரை பழையவர் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

அந்த இரண்டு ஆண்டில் இன்னொரு விஷயமும் நடந்தது, அதிகம் பேசப்படாதது. வங்கிகளிடம் பணம் வழிந்தது. கடன் வாங்க ஆளில்லை. கடன் வாங்கவே வராத வங்கிக்கு ரெப்போ எவ்வளவாக இருந்தால் என்ன? மிஞ்சிய பணத்தை ரிசர்வ் வங்கியிடம் போட்டுவைத்தால் கிடைக்கும் ரிவர்ஸ் ரெப்போ வட்டிதான் உண்மையான விலை ஆனது. அது 3.35 சதவீதம். அந்த அளவுக்கு இறங்கிய வழியில் ஒரு குறைப்பை 2020 ஏப்ரல் 17 அன்று, குழு கூடாமலேயே, ரிசர்வ் வங்கி அறிவித்தது. சட்டப்படி தவறில்லை. ஆனால் ஆறு பேர் வாக்களித்த எண் பலகையில் தொங்க, சந்தை வேறொரு எண்ணைப் பார்த்து நடந்தது. குழுவின் வாக்குக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் இரண்டும் வெகுதூரம் விலகக் கூடாது. வர்மா 2021 ஆகஸ்டிலிருந்து குழுவின் தளர்வான நிலைப்பாட்டை எதிர்த்துத் தனியாக வாக்களித்துக்கொண்டே வந்தார். ஐந்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் தோற்றார், ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதிவைத்தார்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. கச்சா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கோதுமையும் ஏறின. மார்ச் மாதச் சில்லறைப் பணவீக்கம் 6.95 சதவீதம். ஏப்ரல் 8 கூட்டத்தில் ரெப்போ 4.00இலேயே நின்றது, அடுத்தது ஜூனில்தான். ஆனால் மே 2 அன்று குழு ஓசையில்லாமல் கூடியது. 3ஆம் தேதி ரம்ஜான் விடுமுறை. 4ஆம் தேதி மறுபடி கூடியது. அன்று பகல் இரண்டு மணிக்கு ஆளுநர் பேசப்போகிறார் என்ற தகவல் மட்டும் வந்தது. எல்ஐசி பங்கு விற்பனை தொடங்கிய நாள் அது, சந்தை முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. தாஸ் பேசத் தொடங்கிய சில நிமிடத்தில் அது மாறியது. ரெப்போ 0.40 ஏறி 4.40. இடையில் 4க்குத் திரும்பியிருந்த ரொக்கக் கையிருப்பு அரை சதவீதம் ஏறி 4.50. சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிக்கும் மேல் சரிந்தது.

இந்த முறை வாக்கு ஆறுக்கு பூஜ்ஜியம். 2020இல் 4.40க்கு வாக்களித்த நால்வரில் 2022இலும் அறையில் இருந்தவர்கள் தாஸும் பாத்ராவும் மட்டுமே. அன்று நாட்டைத் தாங்கிப்பிடிக்க இறங்கிய அதே எண்ணுக்கு, இன்று விலையைப் பிடித்து நிறுத்த அவர்களே கை தூக்கினார்கள். உள்ளிருந்து மூன்றாவது நாற்காலியில் புதிதாக வந்திருந்தவர் ராஜீவ் ரஞ்சன். ஒருமனதான வாக்கு என்பதால் ஒரே மனம் என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்காம் நாள் வந்த குறிப்பில் வர்மா, சீக்கிரமே ஒரு சதவீதத்துக்கும் மேல் ஏற்ற வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். நடந்ததும் அதுதான். ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று கூட்டத்திலும் அரை அரை சதவீதம் ஏறியது.

பலகையில் அதே 4.40தான் என்றாலும் இரண்டு பிறப்புக்கும் அடியில் இருந்த தளம் வேறு. 2020 மார்ச்சில் ரிவர்ஸ் ரெப்போ 4.00, அதாவது 0.40 கீழே. 2022 ஏப்ரலில் அதன் இடத்துக்கு நிலையான வைப்பு வசதி என்ற புதிய ஏற்பாடு வந்துவிட்டது. அது எப்போதும் ரெப்போவுக்குக் கால் சதவீதம் கீழே நிற்கும். ஆகவே மே 4 அன்று தளம் 4.15. ஒரு மாதத்துக்கு முன் 3.35இல் பணத்தைப் போட்டுக்கொண்டிருந்த வங்கிக்கு இது 0.80 ஏற்றம். தலைப்புச் செய்தியில் வந்த 0.40ஐப் போல இரண்டு மடங்கு.

மும்பை கோட்டைப் பகுதியின் மின்ட் ரோடு தலைமையகத்திலிருந்து கிளம்பிய எண் முதலில் போய்ச் சேரும் இடம் வங்கிகளின் ஓரிரவுப் பணச் சந்தை. அங்கே சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து ஒரு வீட்டுக் கடன்காரரின் கணக்குக்கு வருவதற்கு இந்த நாட்டில் நீண்ட காலம் பிடித்திருக்கிறது. 2003இல் முதன்மைக் கடன் வட்டி என்று ஒரு முறை, 2010இல் அடிப்படை வட்டி, 2016இல் வங்கி நிதி திரட்டும் செலவை ஒட்டிய எம்சிஎல்ஆர். ஒவ்வொன்றிலும் கணக்குப் போடும் பேனா வங்கியின் கையிலேயே இருந்தது. ரெப்போ ஏறினால் கடன் வட்டி உடனே ஏறும். இறங்கினால் இறங்க மனசே வராது. 2017இல் ரிசர்வ் வங்கி இதை ஆராய ஒரு உள்குழு அமைத்தது. கடன் வட்டியை வங்கிக்கு வெளியே இருக்கும் ஒரு அளவுகோலோடு கட்டுங்கள் என்று அது சொன்னது. அதன் தலைவர் ஜனக் ராஜ். பிறகு 2020 மார்ச்சில் 4.40க்கு வாக்களித்த நால்வரில் ஒருவர். 2019 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களும் பிற தனிநபர் கடன்களும் சிறு தொழில் கடன்களும் அப்படிக் கட்டப்பட்டன. பெரும்பாலான வங்கிகள் கட்டியது ரெப்போவோடு. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைத் திருத்தியாக வேண்டும். ஆக, முதல் 4.40 வந்தபோது இந்தக் கயிறு கட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய கடன்காரர்கள் பலருக்கு அந்த முக்கால் சதவீதம் முழுதாகக் கைக்கு வரவில்லை. இரண்டாவது 4.40 வந்தபோது கயிறு இழுத்ததும் மணி அடித்தது.

எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டு, ரெப்போ 4.00 இருந்தபோது 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். மே 4க்குப் பிறகு வட்டி 7.40. தவணையை ஏற்றினால் மாதம் ஏறக்குறைய 725 ரூபாய் கூடும். தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டினால் 240 மாதம் 258 மாதமாகும். 0.40 என்ற எண்ணுக்கு ஒன்றரை ஆண்டு. பெரும்பாலான வங்கிகள் செய்தது காலத்தை நீட்டுவது, அதுவும் கடன்காரருக்குச் சரியாகச் சொல்லாமலே. ரெப்போ அங்கேயே நிற்கவில்லை. 2023 பிப்ரவரி 8 அன்று 6.50க்குப் போய்விட்டது. நம் கணக்கில் வட்டி 9.50. 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணை 23,260. மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டே வந்தாலும் அசல் குறைவதற்குப் பதில் கூடும். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் தவணை ஓடுவதைப் பார்த்து அதிர்ந்த குடும்பங்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 18 அன்றுதான் ரிசர்வ் வங்கி விதி போட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும், அசல் வளரும்படி காலத்தை நீட்டக் கூடாது. பதினைந்து மாதம் தாமதம். கடன் வட்டியை ரெப்போவோடு கட்டிய 2019இலேயே இந்த விதியும் வந்திருக்க வேண்டும்.

கடன் வாங்கியவர் பக்கம் இப்படி என்றால் வைப்பு நிதி போட்ட பெரியவர் பக்கம் வேறு கதை. அவருடைய வட்டிக்கு எந்தக் கயிறும் கட்டப்படவில்லை. 2020இல் ரெப்போ இறங்கியபோது அவருடைய வட்டியும் இறங்கியது. 2022இல் ஏறியபோது வங்கி நிதானமாக, தனக்குப் பணம் தேவைப்பட்ட வேகத்தில் ஏற்றியது.

இத்தனை செலவில் குழு வாங்க நினைத்தது 4 சதவீதப் பணவீக்கம். அந்த இலக்கை வைப்பது குழு அல்ல. ரிசர்வ் வங்கியைக் கலந்து மத்திய அரசு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அறிவிக்கும். 2016 ஆகஸ்டில் அறிவித்ததும் 4தான், 2021 மார்ச்சில் மறுபடி அறிவித்ததும் அதேதான். கீழே 2, மேலே 6 வரை பொறுத்துக்கொள்ளலாம். குழுவின் கையில் இருப்பதோ ஒரே கருவி. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவும் பானமும் மட்டும் 45.86 சதவீதம் இடம்பிடித்திருந்தன. மழை தவறித் தக்காளி ஏறினால் ரெப்போ என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஏற்றம் எல்லா விலைக்கும் கூலிக்கும் பரவி நிலைத்துவிடாமல் தடுப்பது வட்டியின் வேலை என்பதும் நியாயம். பணவீக்கத்தில் முதலில் அடிபடுவது கடனே வாங்க முடியாத தினக்கூலிக்காரர். ரெப்போ என்ற சொல்லையே கேட்டிராத அவருக்காகத்தான் இந்த இலக்கு என்று நான் நம்புகிறேன்.

தொடர்ந்து மூன்று காலாண்டு பணவீக்கம் எல்லை தாண்டினால் அது தோல்வி என்று வரையறை உண்டு. 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் 6 சதவீதத்தைத் தாண்டின. தோற்றால் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும்: ஏன் தோற்றோம், என்ன செய்யப்போகிறோம், எப்போது இலக்குக்குத் திரும்புவோம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இசட்என் என்ற பிரிவு இதைச் சொல்கிறது. 2022 நவம்பர் 3 அன்று இதற்கென்றே குழு தனியாகக் கூடியது. புதிய சட்டம் வந்த பிறகு இப்படி ஒரு கூட்டம் அதுவே முதல். அறிக்கை தயாராகி டெல்லிக்குப் போனது.

மக்கள் கைக்கு வரவில்லை. சட்டப்படி அரசுக்கு எழுதும் கடிதம், அதை வெளியிடும் அதிகாரம் தனக்கு இல்லை, என்றாவது ஒரு நாள் வெளியே வரும் என்று தாஸ் சொன்னார். சட்டத்தில் வெளியிடச் சொல்லும் ஏற்பாடு இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆறு பேர் கால் சதவீதத்துக்கு வாக்களித்தால் ஆறு பேரும் காரணம் எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும். அதே அமைப்பு மூன்று காலாண்டு இலக்கைத் தவறவிட்டால் காரணம் உறைக்குள் போகும். இது எந்த வகையிலும் பொருந்தவில்லை. பிரிட்டனில் பணவீக்கம் இலக்கிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் நிதியமைச்சருக்குத் திறந்த கடிதம் எழுதுகிறார். 2007 ஏப்ரலில் மெர்வின் கிங் எழுதிய முதல் கடிதத்தை உடனே எல்லோரும் படித்தார்கள். அதனால் பவுண்டு மூழ்கிவிடவில்லை, வங்கியின் மரியாதையும் குறையவில்லை.

4.40இல் தொடங்கிய ஏற்றத்துக்காகக் கூடுதல் தவணை கட்டியவர்கள், ஒன்றரை ஆண்டும் இரண்டு ஆண்டும் கூடுதலாகக் கடனில் இருப்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க உரிமை உள்ளவர்கள். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. 45இசட்என் பிரிவு அறிக்கையைக் கொடு என்கிறது. கிடைத்ததை வெளியிடாதே என்று அதில் எங்கும் இல்லை.